2002 ஒய்இசட் 250: காட்டுப் பாதையில் அரை மணிக்கு ஒரு ஸ்பார்க் பிளக் போகிறது, உதவுங்கள்

சேற்றுக்கால் எழுதியது:

வணக்கம். மெல்போர்னில் இருக்கிறேன், சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். மூன்று மாதம் முன்பு 2002 மாடல் யமஹா ஒய்இசட் 250 ஒன்று வாங்கினேன். டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி. முன்பு வைத்திருந்தவர் விளக்கு மாட்டியிருந்தார், பதிவும் செய்தாயிற்று. டிராக்கில் ஓட்டுவதற்காக வாங்கவில்லை. டூலாங்கி, மவுண்ட் டிசப்பாயின்ட்மென்ட் காடுகளில் கல்லும் வேருமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதைகளில், எண்டியூரோ (காட்டுப் பாதையில் நெடுந்தூரம் ஓட்டுவது) மாதிரி நிதானமாகப் போக வேண்டும் என்பதுதான் ஆசை.

அகலமான மண் ரோட்டில் மூன்றாம் கியரில் வண்டி அருமையாகப் போகிறது. ஒற்றையடிப் பாதைக்குள் நுழைந்து முதல் கியரில் அரை மணி நேரம் ஊர்ந்தால் போதும், இழுவை குறைந்து, விட்டு விட்டு அடித்து, நின்றுவிடுகிறது. பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, எண்ணெயில் முக்கி எடுத்தது போல வருகிறது. புதுசு போட்டால் இரண்டாவது கிக்கில் ஸ்டார்ட். போன ஞாயிறு மட்டும் மூன்று பிளக் போயிற்று. வெண்புகை வேறு. சைலன்சர் இணைப்பில் கறுப்பாக எண்ணெய் வழிந்து பக்கவாட்டு பேனல் முழுக்கப் பிசுபிசுப்பு.

இதுவரை செய்தது: கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை இரண்டு அளவு குறைத்தேன், ஏர் ஃபில்டரைக் கழுவினேன். பெட்ரோலில் ஆயில் 20க்கு 1 கலக்கிறேன். ஊரில் மாமா தன் டிவிஎஸ் 50க்குப் பங்கில் 2டி ஆயிலைக் கொஞ்சம் கூடவே ஊற்றச் சொல்வார், இன்ஜினுக்கு நல்லது என்று. அந்தப் பழக்கம்தான்.

இது தவிர, மெதுவாகத் திரும்பும்போது பொசுக்கென்று இன்ஜின் நின்றுவிடுகிறது. ஏற்றத்தில் கூலன்ட் கொதித்துக் குழாய் வழியாகக் கொட்டுகிறது. முன் ஃபோர்க் இரும்புக் கம்பி போல இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போகிறது. என் எடை 66 கிலோ. எதை முதலில் பார்ப்பது?

பைலட்ஜெட்:

நீங்கள் மாற்றிய இடமே தவறு. மெயின் ஜெட்டுக்கு வேலை வருவது த்ராட்டிலை முக்கால் பங்குக்கு மேல் திறக்கும்போதுதான். நீங்கள் சொல்லும் பாதையில் கால் பங்கு தாண்டுவதே அபூர்வம். அங்கே பைலட் ஜெட் (குறைந்த த்ராட்டிலுக்கான சின்னத் துளை), ஏர் ஸ்க்ரூ (அதற்குக் காற்றை அளந்து விடும் திருகு), கார்புரேட்டர் ஊசி இந்த மூன்றுதான் ராஜ்யம். மெயினைப் பழைய அளவுக்கே திருப்பிவிடுங்கள். பின்னாளில் மண் ரோட்டில் முழுசாக முறுக்கும்போது பெட்ரோல் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளேயும் வெளியேயும் திருகி, ஐடில் (த்ராட்டிலைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) எங்கே அதிகமாக ஏறுகிறது என்று பாருங்கள். முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒரு சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்தால் பைலட் சின்னது. இரண்டரைச் சுற்றைத் தாண்டி வந்தால் பைலட் பெரியது, ஓர் அளவு இறங்குங்கள்.

20க்கு 1 வேண்டாம். இந்த வண்டிக்கு யமஹா சொன்னதே 30க்கு 1. நான் 40க்கு 1 போடுகிறேன், அதாவது 5 லிட்டருக்கு 125 மில்லி. நீங்கள் 250 மில்லி ஊற்றுகிறீர்கள். இன்னொன்று: ஆயில் கூடக் கூட அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது. பாதுகாப்புக்காக ஊற்றும் ஆயில், கலவையில் பெட்ரோலைக் குறைத்து எதிர்வேலை செய்யும்.

ஆரஞ்சு300:

நண்பரே, மோட்டோகிராஸ் வண்டி குதிக்கவும் பறக்கவும் செய்தது. கியர்கள் நெருக்கமாக இருக்கும், முதல் கியரே உயரம், ஊர்ந்து போக ஒத்துவராது. வந்த விலைக்கு விற்றுவிட்டு ஒரு பழைய கேடிஎம் 300 இஎக்ஸ்சி எடுங்கள். 18 அங்குலப் பின் சக்கரம், விளக்கு எல்லாம் கூடவே வரும்.

கரவெட்டி அண்ணன்:

தம்பி, வண்டியை விற்கவும் வேண்டாம், ஜெட்டில் கை வைக்கவும் வேண்டாம். முதலில் கியர் ஆயிலை இறக்கி அளந்து பாருங்கோ. கடைசியாக எவ்வளவு ஊற்றினீர்கள், இப்ப எவ்வளவு வருகுது? அதை மட்டும் சொல்லுங்கோ.

ஏன் கேட்கிறேன் என்றால், கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) வலது பக்கத்தில் அது இருக்கும் கிராங்க் கேஸுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு ஆயில் சீல் இருக்கு. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேஸுக்குள் உறிஞ்சுவிசை வரும். சீலின் உதடு வயதாகிக் காய்ந்துபோனால், கார்புரேட்டர் வழியாக வரவேண்டியதோடு சேர்த்துக் கியர் ஆயிலையும் அது குடிக்கும். த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் அந்த உறிஞ்சல் ஆகக் கூட. மண் ரோட்டில் ஒரு குறையும் இல்லை, மெதுவான பாதையில் பிளக் நனைகிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு வேறு யோசனை வரவில்லை. புகையையும் மணந்து பாருங்கோ. இனிப்பு வாடை என்றால் கூலன்ட் எரிகிறது. காரமான கருகல் வாடை என்றால் கியர் ஆயில்.

இது 20 வருஷத்துக்கு மேல் பழைய ரப்பர், தம்பி.

சேற்றுக்கால்:

அண்ணா, இன்று காலை இறக்கினேன். மூன்று ரைடுக்கு முன் மாற்றியபோது 750 மில்லி அளந்துதான் ஊற்றினேன். ஐஸ்கிரீம் டப்பாவில் பிடித்து, கோடு போட்ட பழைய பால் புட்டி ஒன்றில் ஊற்றிப் பார்த்தால் 520. கேஸில் வெளியே எங்கும் கசிவு இல்லை, ஸ்டாண்டுக்குக் கீழே தரை காய்ந்தே இருக்கிறது. 230 மில்லி புகையாகத்தான் போயிருக்க வேண்டும். வாடையும் நீங்கள் சொன்ன காரமான வாடைதான்.

இதைச் சரிசெய்ய இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டுமா? ஒரு கடையில் கேட்டேன். பார்க்காமலேயே, முழு இன்ஜினும் பிரிக்க வேண்டும் என்று என்னால் முடியாத ஒரு தொகை சொன்னார்கள்.

கரவெட்டி அண்ணன்:

பிளக்கத் தேவையில்லை. கூலன்டை இறக்குங்கோ, தண்ணீர் பம்பும் அந்த வலது கவரிலேயே இருக்கு. கவர், கிளட்ச், பிறகு கிராங்க் முனையில் இருந்து கிளட்சைச் சுற்றும் பிரைமரி கியர். அதன் நட்டைக் கழற்றும்போது கிராங்க் சுற்றாமல் இருக்க, கியர்ப் பற்களுக்கு நடுவில் ஒரு செம்பு வாஷரை மடித்துச் செருகுங்கோ. இரும்பு எதையும் வைக்கக் கூடாது. கியருக்குப் பின்னால் ஒரு காலர், அதற்குள் ஒரு ஓ-ரிங். சீலை மட்டும் மாற்றி அந்த ஓ-ரிங்கை விட்டால் அதே இடத்தில் மறுபடி ஒழுகும். புது சீலின் உதட்டில் கிரீஸ் பூசி, சாயாமல் நேராக இறக்குங்கோ.

கையோடு இடது பக்கம், மேக்னெட்டுக்கு (கிராங்கோடு சுற்றும் காந்தச் சக்கரம், ஃப்ளைவீலும் அதுதான்) பின்னால் இருக்கும் சீலையும் மாற்றுங்கோ. வலது சீல் போனால் பிளக் நனையும், அவ்வளவுதான். இடது சீல் போனால் வெறும் காற்றை இழுத்துக் கலவையை மெலிய வைக்கும், த்ராட்டிலை விட்டாலும் ஐடில் இறங்காமல் நிற்கும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டும். மேக்னெட்டை எடுக்க அதற்குரிய புல்லர் வேண்டும், சுத்தியலால் தட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் காற்றுச் சோதனை செய்யாமல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி, கையால் அமுக்கும் பந்தும் வட்ட முள்ளும் உள்ளது இருக்கா? அதன் முள் 300 வரை போகும். 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ, எங்களுக்கு வேண்டிய அழுத்தமும் அதுதான். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பரால் வடிவாக அடைத்து, ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கோ. நிமிஷத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கோவை டர்ட்:

சீல் வேலை முடியட்டும். மேக்னெட்டைக் கழற்றப்போகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். நானும் ஐந்து வருடமாக ஒரு பழைய 250ஐ இப்படித்தான் காட்டில் ஓட்டுகிறேன்.

இன்ஜின் பொசுக்கென்று நிற்பதற்குக் காரணம், மோட்டோகிராஸ் வண்டியின் ஃப்ளைவீல் வேண்டுமென்றே லேசாகச் செய்யப்பட்டது. சட்டென்று ஆர்பிஎம் ஏற வேண்டும் என்பதற்காக. காட்டில் அதுவே எதிரி. மேக்னெட்டின் மேல் திருகும் எடை வளையம் தனியாகக் கிடைக்கிறது, 250 முதல் 350 கிராம் வரை. அதைப் போட்ட அன்று எனக்கு வேறு வண்டியில் உட்கார்ந்தது போல இருந்தது. ஈர வேரின் மேல் பின் சக்கரம் படபடவென்று சுழல்வது நின்று, பிடித்து ஏறியது. கிளட்சை விட்டுப் பிடிக்கும் வேலை பாதியாகக் குறைந்தது. கவருக்குள் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் முன் ஸ்ப்ராக்கெட். 14 பல் இருந்தால் 13 போடுங்கள். கியர் விகிதம் 7 சதவீதம் இறங்கும், முதல் கியர் உயரம் என்ற குறை பெரும்பாலும் தீரும். ஆனால் செயின் ஸ்விங்ஆர்ம் மேல் இருக்கும் ரப்பர் பட்டையை வேகமாகத் தின்னும், அடிக்கடி பாருங்கள்.

ஃபோர்க் விஷயத்தில் செலவு செய்யும் முன் எண்ணெயை மாற்றுங்கள். எத்தனை வருடத்து எண்ணெயோ. ஊற்றும்போது அளவை 10 மில்லிமீட்டர் இறக்கி விடுங்கள், உள்ளே காற்றுக்கு இடம் கிடைத்துக் கடைசிப் பகுதி மிருதுவாகும். ஃபோர்க் அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் ஸ்க்ரூ இப்போது இருக்கும் இடத்தை எண்ணி எழுதிவைத்துவிட்டு நான்கு கிளிக் வெளியே எடுங்கள். பின் சஸ்பென்ஷனில் நீங்கள் முழு உடுப்போடு உட்கார்ந்தால் 100 முதல் 105 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 66 கிலோவுக்கு அந்த ஸ்ப்ரிங் கொஞ்சம் கடினம்தான், சரியாக வராவிட்டால் மென்மையான ஸ்ப்ரிங் தேடுங்கள்.

எக்ஸாஸ்ட் வாயில் இருக்கும் ஒய்பிவிஎஸ் வால்வையும் ஒருமுறை கழற்றிக் கார்பன் சுரண்டுங்கள். திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டால் கீழ் இழுவையே இருக்காது.

ஆரஞ்சு300 சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் யமஹாவே 2016 மாடலாக ஒய்இசட் 250 எக்ஸ் என்று இதே இன்ஜினைத்தான் காட்டுக்கு மாற்றிக் கொடுத்தது. கியர் விகிதத்தை அகலப்படுத்தி, கம்ப்ரெஷன் குறைத்து, சஸ்பென்ஷனை மென்மையாக்கி, 18 அங்குலப் பின் சக்கரமும் சைட் ஸ்டாண்டும் போட்டார்கள். அடித்தளம் நல்ல அடித்தளம்.

சேற்றுக்கால்:

இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. பழைய வலது சீலின் உதட்டை நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் வளையல் மாதிரி டக் டக் என்று சத்தம். புதுசு விரலில் பட்டதும் வளைகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலருக்குள் இருந்த ஓ-ரிங் சதுரமாகவே ஆகிவிட்டிருந்தது. அண்ணா நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அதை விட்டிருப்பேன்.

என் மனைவி நர்ஸ், பழைய பிபி கருவி வீட்டிலேயே இருந்தது. 300க்கு ஏற்றினோம், அவளே கடிகாரம் பார்த்தாள். முதல் தடவை சரசரவென்று இறங்கியது. சோப்புத் தண்ணீரில் பார்த்தால் நான் எக்ஸாஸ்டை அடைத்த ரப்பர்தான் கசிந்தது. சரியாக அடைத்த பிறகு ஐந்து நிமிடத்தில் 300லிருந்து 280.

மெயின் ஜெட் பழைய அளவு, ஆயில் 32க்கு 1. ஏர் ஸ்க்ரூ ஒன்றே முக்கால் சுற்றில் நின்றது, பைலட்டைத் தொடவே இல்லை. 13 பல், ஃப்ளைவீல் எடை, ஃபோர்க் எண்ணெய் மூன்றும் முடித்தேன். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, அதையும் மாற்றினேன்.

நேற்று டூலாங்கியில் நாலு மணி நேரம். ஒரே பிளக். இரண்டாம் கியரிலேயே ஏற்றம் ஏறுகிறது, கூலன்ட் ஒரு சொட்டு கொட்டவில்லை. சைலன்சரில் மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பு வழிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

பைலட்ஜெட்:

அது பைப்புக்குள் தேங்கிய பழைய எண்ணெய். இரண்டு மூன்று ரைடில் எரிந்து தீரும். சைலன்சருக்குள் இருக்கும் பஞ்சும் ஊறியிருக்கும், அதை மாற்றிவிடுங்கள்.

கரவெட்டி அண்ணன்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. வீட்டம்மாவுக்கும் சொல்லுங்கோ. இரண்டு ரைடுக்குப் பிறகு மறுபடி கியர் ஆயிலை இறக்கி, அதே புட்டியில் அளந்து இங்கே எழுதுங்கோ.

சேற்றுக்கால்:

745, அண்ணா. மீதி டப்பா ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.