புதுப்பிப்பு: கச்சான் காற்றுக்கு வெந்த அறையில் இப்போ படுக்கலாம்

போன மாதம் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிற வீட்டு அறையைப் பற்றிப் புலம்பியிருந்தேன். 10க்கு 9 அடி, மேலே அஸ்பெஸ்டஸ், கட்டில் மேற்குச் சுவரோடு ஒட்டி, கிழக்கு யன்னலை மறைச்சு அம்மாவின் சீதன அலுமாரி. மேற்குப் பக்கமிருந்து வாற சூடான கச்சான் காற்று வீசுற இரவுகளில் நித்திரையே இல்லை. "ஏசி பூட்டு" என்றவர்களுக்கு நன்றி, கரண்ட் பில் யார் கட்டுறது?

சரிவந்தது ஒரு அக்கா சொன்ன வழிதான். பின்னேர வெயில் முழுக்கக் குடிக்கிறது மேற்குச் சுவர். அந்தச் சூட்டை இரவிலும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். நான் தலை வைச்சது அதிலேதான்! அலுமாரியை அங்கே தள்ளி, பின்னால் நாலு விரல் இடைவெளி விட்டு, கட்டிலை யன்னலடிக்கு இழுத்தோம். இழுக்கும்போது கட்டில் கால் ஒன்று கையோடு கழன்று வந்துட்டுது. உப்புக் காற்றில் ஆணியெல்லாம் துருவேறி, தொட்டால் தூளாகுது. இப்போ பித்தளைத் திருகாணி.

யன்னலுக்கு நுளம்பு வலை அடிச்சு, கட்டில் வலையைக் கழற்றினேன். ஃபேன் காற்று இப்போதான் உடம்பில் படுது. ஆனால் கதவடி இடைவெளியை மறந்துட்டேன், முதல் இரவே நல்ல கடி. பழைய சாரத்தை (லுங்கி) சுருட்டி அடைச்சிருக்கு.

கூரை அப்படியேதான். சீலிங் அடிக்கக் காசு சேரவேணும். மார்கழி மழைக்குத் தூவானம் மெத்தையில் விழுமெண்டு அப்பா இப்பவே தொடங்கிட்டார். அது சரிதான். வாடைக் காற்று தொடங்க முதல் யன்னலுக்கு மேல் தகரம் சரிச்சு அடிக்கிறதெண்டு 4 அடி அளவெடுத்து வைச்சிருக்கிறேன்.