கமான் பட்டை மாற்றிய மறுநாளே டிபிஎஃப் விளக்கு: என் கைவேலைதான் காரணமா?

அல்சூர் கேன்வண்டி:
பெங்களூரு அல்சூரில் தண்ணீர் கேன் போடுகிறேன். 2021 மாடல், பிஎஸ் 6 டீசல் பிக்கப். இந்திரா நகர், தொம்மலூர், சிவாஜி நகர் தவிர வண்டி வேறு ஊர் பார்த்ததில்லை. பின்பக்கக் கமான் பட்டை (பாரத்தைத் தாங்கும் வில் பட்டை) ஒன்று உடைந்துவிட்டது. கலாசிப்பாளையத்தில் பட்டை, யூ போல்ட், ரப்பர் புஷ் எல்லாம் வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்றினேன். கனம் ஏற்றுகிற வண்டிதானே என்று ஒரு பட்டை கூடுதலாகவும் சேர்த்தேன்.

திங்கட்கிழமை மாலை எஞ்சின் விளக்கும் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி) விளக்கும் சேர்ந்து எரிந்தன. வண்டி இழுக்கவில்லை, மேம்பாலத்தில் ஆட்டோக்காரர் கூட முந்திப் போகிறார். வேகத்தடையில் ஏறினால் பின்பக்கம் பழைய கட்டில் போலக் கிரீச்சிடுகிறது. வண்டியின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஓபிடி கருவியில் வரும் எண் பி2453. ஆயில் மட்டும் குறையவில்லை, அளவுக் குச்சியின் மேல்கோட்டையும் தாண்டி அரை விரல் நிற்கிறது. அந்த மட்டில் நிம்மதி.

பக்கத்துப் பட்டறையில் டிபிஎஃப்பை அறுத்து வெறும் குழாய் வைத்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

விரைவுச் சரக்கு:
செய்துவிடுங்கள். நான் டிபிஎஃப்பை அறுத்து எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, ஒரு தொந்தரவும் இல்லை.

பழைய பட்டறை:
தம்பி, அவர் பேச்சைக் கேட்காதீர்கள். டிபிஎஃப்பை எடுத்து ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று மாதம் லைசென்சும் போகும். கேன் போட்டுப் பிழைக்கிறவருக்கு அதுதான் பெரிய அடி. அதைவிட, உங்கள் டிபிஎஃப் கெட்டுப்போனதாக அந்த எண் சொல்லவே இல்லை.

முதலில் ஆயில். அது ஏறியதற்கா நிம்மதிப்படுகிறீர்கள்? குச்சியை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடிக்கும். சேர்ந்த கரியை எரிக்க வண்டி தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, டிபிஎஃப்பைக் கிட்டத்தட்ட 600 டிகிரிக்குச் சூடேற்றும். நீங்கள் மூன்று கிலோமீட்டரில் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் வேலை பாதியில் நிற்க, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. அளவு மீறினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும். ஆயிலை மாற்றாமல் நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள். ஊற்றுவது சாம்பல் குறைந்த, டிபிஎஃப் வண்டிக்கான ஆயிலாக இருக்கட்டும்.

பி2453 என்றால் டிபிஎஃப்பின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சாரின் கணக்கு நம்பும்படி இல்லை என்று பொருள். அதற்கு இரண்டு ரப்பர் குழாய்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கீழே படுத்து வேலை செய்தபோது அந்தப் பக்கம் எதையாவது இழுத்தீர்களா, சூடு காட்டினீர்களா?

கிரீச்சொலிக்கு ஒரு கேள்வி: ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு சேர்க்கும் இணைப்பு) போல்ட்டை இறுக்கியபோது சக்கரம் அந்தரத்தில் தொங்கியதா?

அல்சூர் கேன்வண்டி:
ஆமாம் அண்ணா, தொங்கியது. ஆயில் டீசல் நாற்றம்தான்.

குழாய் விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருட்டிவிட்டதால் கொக்கி விளக்கை மேலே ஒரு ரப்பர் குழாயில் மாட்டியிருந்தேன். இப்போது போய்ப் பார்த்தால் அதே குழாய், கிளிப் ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்குப் பிளந்திருக்கிறது. சுற்றிலும் கரி படிந்திருக்கிறது. கேன் பம்புக்கு வைத்திருக்கும் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் போட்டால் சரியாகப் பொருந்தும்போலிருக்கிறது, போடலாமா?

பழைய பட்டறை:
வேண்டாம்! ஒரே நாளில் உருகி ஒட்டிக்கொள்ளும். சூடு தாங்கும் அசல் குழாயே வாங்குங்கள். இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிடாதீர்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எண்ணை அழித்துவிட்டு, எஞ்சின் சூடானதும் அதன் வேகம் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். அதன் பிறகும் விளக்கு எரிந்தால்தான் சர்வீஸ் சென்டர்.

ஷாக்கிள் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கிய புஷ், வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். கிரீச்சிடும், சீக்கிரம் கிழியும். யூ போல்ட்டைக் குறுக்குமறுக்காக, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பானரால் இறுக்குங்கள்.

கூடுதல் பட்டைதான் என்னைப் பயமுறுத்துகிறது. பின் ஆக்சிலிலிருந்து சேசிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகிறதா, பாருங்கள். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்துப் பின்சக்கரத்துக்குப் பிரேக் பிரித்துக் கொடுக்கும் வால்வின் கம்பி அது. பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டால், முழுப் பாரம் இருந்தாலும் காலி வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

அல்சூர் கேன்வண்டி:
கம்பி இருக்கிறது அண்ணா. அன்று இரவே கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டேன்.

நேற்று ஆயிலும் குழாயும் மாற்றினேன். இன்று விடியற்காலை சில்க் போர்டில் மேம்பாலம் ஏறி, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வரை போய் வந்தேன். எல்லை தாண்டும்போதே டிபிஎஃப் விளக்கு அணைந்துவிட்டது. திரும்பும் வழியில் இழுவையும் பழையபடி வந்தது. கிரீச்சொலி பாதி குறைந்திருக்கிறது. ஒரு புஷ் ஏற்கெனவே கிழிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.

மிச்சமான அந்த ஒரு பட்டையைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். இதே அளவு யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.