மறுமொழி: போர்ப்படங்களின் ‘மிஸ்ஃபிட்’ சிப்பாய்களுக்கு என்ன சொல்? என் பரிந்துரை உதிரிப்படை

அனைவருக்கும் வணக்கம்.

இழை நன்றாக நீண்டுவிட்டது. அதனால் என் பரிந்துரையை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: உதிரிப்படை. எந்தப் பிரிவிலும் ஒட்டாத சிப்பாய்களைத் திரட்டி, உயிரோடு திரும்புவது நிச்சயமில்லாத ஒரு வேலைக்கு அனுப்பும் கதைகள் இருக்கின்றனவே, ‘தி டர்ட்டி டஜன்’ போல, அந்த வகைக்கு இந்தப் பெயரை நம் திரைக்கலைச்சொல் தொகுப்பில் பதியலாம். அந்தப் படத்தில், ராணுவச் சிறையில் இருக்கும் பன்னிரண்டு கைதிகளை ஓர் அதிகாரி பயிற்றுவித்து, ஜெர்மன் அதிகாரிகள் கூடும் ஒரு மாளிகையைத் தாக்க அழைத்துப்போகிறார். படத்தை மறுபடி முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அகராதியை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. இங்கே சொல்லில் வந்த சண்டை உண்மையில் படத்தைப் பற்றிய சண்டை.

> பொருந்தாப்படை என்பதே நேரான சொல். ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

நேரான சொல்தான். ஆனால் அதற்குத் தமிழில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. பொருந்தார், பொருந்தலர், ஒன்னார், ஒட்டார் எல்லாம் இலக்கியத்தில் பகைவரைக் குறிப்பவை. பொருந்தாப்படை என்றால் பழைய நூல்களில் பழகிய காதுக்கு எதிரிப்படை என்றே கேட்கும். இன்று யார் அப்படிப் படிக்கிறார்கள் என்றால், சரி, இன்றைய வழக்கையே எடுத்துக்கொள்வோம். சட்டை பொருந்தவில்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்கிறோம். குறை அந்தப் பொருளில்தான் என்ற தீர்ப்பு சொல்லிலேயே வந்துவிடுகிறது. படம் அப்படித் தீர்ப்புச் சொல்கிறதா என்று பாருங்கள். சார்லஸ் பிரான்சன் நடித்த விளாடிஸ்லா, மருந்துப் பொருட்களோடு ஓடிய தன் அதிகாரியைச் சுட்டதற்காகத் தூக்குக் கயிற்றை எதிர்நோக்கி நிற்பவன். ஜிம் பிரவுன் நடித்த ஜெஃபர்சன், தன்னைத் தாக்கிய நிறவெறியர்களைத் திருப்பித் தாக்கியவன். கிளின்ட் வாக்கரின் போஸி மிகச் சாதுவான ஆள். யாரும் தன்னைப் பிடித்துத் தள்ளக்கூடாது, அவ்வளவுதான். டெல்லி சவலாஸ் நடித்த மேகட் ஒருவனைத்தான் எந்த விளக்கமும் காப்பாற்றாது. இவர்கள் எல்லோரையும் ‘பொருந்தாதவர்’ என்று ஒரே கூடையில் போட்டால் படத்தின் முதல் பாதி முழுவதும் கேட்கும் கேள்வியை நாமே மூடிவிடுகிறோம்.

> குற்றவாளிகள் என்பது உண்மைதானே. குற்றப்படை என்று வைத்தால் என்ன?

இதற்குத்தான் நான் அதிகம் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நிலவறைக் காட்சியைப் பற்றி இங்கே எழுதிய பலரும் இந்தச் சொல்லின் பக்கம்தான் சாய்ந்தார்கள்.

பிரான்ஸில் ரென் நகருக்கு அருகே அந்த மாளிகை. 1944 ஜூன், நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முந்தைய நேரம். உள்ளே ஜெர்மன் உயரதிகாரிகளும் பெண்களும் விருந்தில் இருக்கிறார்கள். சண்டை தொடங்கியதும் அத்தனை பேரும் நிலவறைப் புகலிடத்துக்குள் இறங்குகிறார்கள். கதவு வெளியிலிருந்து அடைபடுகிறது. மேலே தரையில் நம் சிப்பாய்கள் காற்றுப்போக்கிகளின் மூடிகளை உடைத்து, கையெறி குண்டுகளை உள்ளே கொட்டி, பெட்ரோலை ஊற்றுகிறார்கள். கீழே கம்பி வலைக்குள் விரலை விட்டுக் குண்டுகளைப் பிடுங்கப் பார்க்கும் கைகளை கேமரா காட்டுகிறது. பிறகு ஜெஃபர்சன் ஒவ்வொரு போக்கியாக ஓடி ஓடிப் பின்னை இழுத்த குண்டைப் போட்டுக்கொண்டே போகிறான். கடைசியில் அவனும் சுடப்பட்டு விழுகிறான்.

> முதல் இரண்டு மணி நேரம் கேலிக்கூத்து, கடைசியில் கசாப்புக்கடை. இதை ரசிக்கச் சொல்வது அநியாயம்.

இந்தக் கோபம் புதிதல்ல. 1967-ல் படம் வந்தபோதே நியூயார்க் டைம்ஸில் பாஸ்லி கிரவுதர் கடுமையாகச் சாடினார். அப்போதுதான் விமர்சனம் எழுதத் தொடங்கியிருந்த ரோஜர் ஈபர்ட்டும் அந்த வன்முறையை உறுத்தலோடுதான் பார்த்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. இதே படத்தை இளைஞர்கள் திரளாகப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே காட்சியைத்தான் பார்த்தது.

எனக்கும் அந்தக் காட்சி ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெட்ரோலை ஊற்றச் சொல்வது யார்? தூக்குத் தண்டனைக் கைதியா? இல்லை. லீ மார்வின் நடித்த மேஜர் ரைஸ்மன். சீருடை, பதவி, கட்டளை எல்லாம் கையில் உள்ள அதிகாரி. அவரை அங்கே அனுப்பியது எர்னஸ்ட் போர்க்னைன் நடித்த தளபதி வொர்டனும் அவரைச் சுற்றியிருந்த அதிகாரிகளும். ‘குற்றப்படை’ என்று பெயர் வைத்த கணமே அந்த நெருப்பு கைதிகளின் இயல்பிலிருந்து வந்ததாகிவிடும். மேலே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் தப்பித்துவிடுவார்கள். இயக்குநர் ராபர்ட் ஆல்ட்ரிச் படத்தை ஒரு ராணுவச் சிறையில் நடக்கும் தூக்கில்தான் தொடங்குகிறார். அந்தத் தூக்கை நடத்துவதும் ஒழுங்கான ராணுவம்தான். நம் கலைச்சொல் யாரையும் முன்கூட்டியே விடுதலை செய்யவும் கூடாது, தண்டிக்கவும் கூடாது. பார்ப்பவருக்கு அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும்.

> தண்டப்படை! தண்டு என்றாலும் படை, தண்டம் என்றாலும் தண்டனை. இரண்டும் ஒரே சொல்லில்.

அருமையான பிடிப்பு, மனதாரப் பாராட்டுகிறேன். தண்டநாயகன் என்றால் படைத்தலைவன், தண்டெடுத்தல் என்றால் படையெடுத்தல். எழுத்தில் பார்க்கும்போது அத்தனை பொருத்தம். ஆனால் வீட்டில் நாம் தண்டம் என்று எதைச் சொல்கிறோம்? தண்டச்சோறு, தண்டச்செலவு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், முதலில் சிரிப்புத்தான் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. வரலாற்றில் உண்மையாகவே தண்டனைப் படைப்பிரிவுகள் இருந்தன. 1942 ஜூலை 28 அன்று ஸ்டாலின் பிறப்பித்த 227-ஆம் ஆணைக்குப் பிறகு சோவியத் படையில் அவை அமைக்கப்பட்டன, ஜெர்மானியரிடமும் இருந்தன. அது ராணுவ நிர்வாகத்தின் ஏற்பாடு, நாம் பெயர் தேடுவது ஒரு கதைவகைக்கு. தண்டனைப்படை என்ற சொல்லை வரலாற்று நூல்களுக்கே விட்டுவைப்போம்.

> அழுக்குப் பன்னிருவர் என்று படத்தின் பெயரையே வகைக்கும் வைக்கலாமே?

படத்தின் பெயரைத் தொட வேண்டாம், அது ‘டர்ட்டி டஜன்’ ஆகவே இருக்கட்டும். பன்னிருவர் என்றால் ஆழ்வார்கள் நினைவுக்கு வருவார்கள். தமிழ் விவிலியம் படிப்பவர்களுக்கு இயேசுவின் சீடர்கள். படத்திலும் கிளம்புவதற்கு முன் நீண்ட மேசையில் தலைவனும் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடும் காட்சி இருக்கிறது. அந்த ஒலி அந்தப் படத்துக்குப் பொருந்தும், வகைக்குப் பொருந்தாது. எல்லாப் படத்திலும் பன்னிரண்டு பேர் இருக்க மாட்டார்கள்.

‘அழுக்கு’ பற்றி மட்டும் ஒன்று. கறை, களங்கம் என்று சிலர் மொழிபெயர்த்திருந்தீர்கள். படத்தில் அது வெறும் உடம்பழுக்கு. குளிர்ந்த தண்ணீரில் சவரம் செய்யமாட்டோம் என்று ஜான் கஸவெட்டிஸ் நடித்த ஃபிராங்கோ முரண்டு பிடிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். சரி, இனி உங்களுக்குச் சோப்பும் கிடையாது, சவரக்கத்தியும் கிடையாது என்கிறார் ரைஸ்மன். தாடி வளர்கிறது, நாற்றம் வருகிறது, காவலுக்கு நிற்கும் சார்ஜன்ட் பௌரன் வாயிலிருந்து பெயர் பிறக்கிறது. தனித்தனியாக வந்த ஆட்கள் முதல்முறை ஒன்றாக நின்றது இந்தச் சவரத் தகராறில்தான். ரைஸ்மனுக்கு அது உடனே புரிந்துவிடுகிறது. எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

இங்கேதான் ‘உதிரி’ வருகிறது. கடையில் உதிரிப்பூ வாங்கியவர்களுக்குத் தெரியும்: உதிரி என்றால் கெட்டுப்போனது என்று பொருளில்லை, இன்னும் தொடுக்கப்படாதது. தொடுத்தால் சரம். இந்த வகைப் படங்களின் பெரும்பகுதி அந்தத் தொடுக்கும் வேலைதான். மாளிகைத் தாக்குதலின் பதினாறு படிகளையும் அவர்கள் எதுகைப் பாட்டாக்கி மனப்பாடம் செய்கிறார்கள். ஒன்று சாலைத் தடுப்பு, இரண்டு காவலர்கள் என்று பன்னிரண்டு வாய்களும் ஒரே தாளத்தில் ஒப்பிக்கின்றன. ட்ரினி லோபஸ் நடித்த ஹிமெனஸ் பாராசூட்டில் இறங்கும்போதே இறந்துவிடுகிறான். அவன் படியை இன்னொருவன் எடுத்துக்கொள்ள, பாட்டு அறுபடாமல் தொடர்கிறது. ‘ஒவ்வாதவர்’, ‘ஒழுங்கிலிகள்’, ‘அடங்காப்படை’ என்று நீங்கள் வைத்த எந்தச் சொல்லிலும் இந்த மாற்றத்துக்கு இடமில்லை. அவை ஆளைப் பற்றிய முடிவுகள். உதிரி என்பது ஒரு நிலை.

> உதிரி என்றால் உதிரிபாகம் ஆயிற்றே? ஸ்பேர் பார்ட்ஸ் படை என்று கேட்கிறது.

கேட்கட்டும் என்கிறேன். மேலதிகாரிகள் அவர்களை அப்படித்தானே பார்க்கிறார்கள்? போனால் நட்டமில்லாத ஆட்கள். ஐந்து பேருக்குத் தூக்கு, மற்ற ஏழு பேருக்கு நீண்ட கடுங்காவல்; அனுப்பிவைக்க இதைவிட வசதியான கூட்டம் கிடைக்குமா? ஒரே சொல்லில் மேலிருந்து பார்க்கும் பார்வையும், உள்ளிருந்து நடக்கும் சேர்க்கையும் இரண்டும் கிடைத்தால் அது சொல்லின் பலம். உதிரிப் பாட்டாளி என்று இடதுசாரி எழுத்தில் ஏற்கெனவே வழக்கு இருக்கிறது. உதிரிக் கட்சிகள் என்று நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன. எந்தப் பெரிய அமைப்பிலும் சேராதது என்ற பொருள் எல்லோர் காதிலும் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. ‘துணைப்படை’ என்ற யோசனைக்கு இலங்கை நண்பர்கள் சொன்ன தடை சரியானதே. அங்கே அது துணை ராணுவக் குழுக்களை நினைவூட்டும், திரைக்கலைச்சொல்லுக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

படை வகைகளின் பெயர் மரபும் இதற்கு இடம் கொடுக்கிறது. மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று பரிமேலழகர் உரையில் ஆறு வகை வரும். உதிரிப்படை அந்த வரிசையில் உறுத்தாமல் போய் உட்காருகிறது. அந்த உரை எழுந்த படைமாட்சி அதிகாரத்தை இந்தப் படத்தோடு சேர்த்துப் படிக்கச் சொல்வேன். ‘உலைவிடத்து ஊறஞ்சா வன்கண்’ தொல்படைக்கு அல்லாமல் அரிது என்கிறார் வள்ளுவர். பரம்பரைப் படைக்கே அந்த நெஞ்சுரம் வரும் என்பது அவர் கட்சி. ஆல்ட்ரிச் எதிர்க்கட்சி. ராபர்ட் ரயன் நடித்த கர்னல் பிரீடின் படை பளபளவென்று அணிவகுத்து நிற்கிறது. பன்னிரண்டு கைதிகளில் ஒருவனாக நடித்த டொனால்ட் சதர்லண்ட், தளபதி போல வேடமிட்டு வந்து அதைப் பார்வையிட்டு, அழகாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் சண்டை போடுவார்களா என்று கேட்டுவிடுகிறார். பிறகு போர்ப் பயிற்சியில் இந்தக் கைதிகள் கைப்பட்டையின் நிறத்தை மாற்றிக்கொண்டு அதே பிரீடின் தலைமையகத்தைப் பிடிக்கிறார்கள். ஆனால் அதிகாரத்தின் கடைசிக் குறளில் இருவரும் ஒரே பக்கம்: ‘தலைமக்கள் இல்வழி இல்’. ரைஸ்மன் இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேரும் சிறையில் தனித்தனி அறைகளில்தான். லீ மார்வின் சைபான் தீவுப் போரில் காயம்பட்ட கடற்படைக் காலாள். அந்த நடையிலும் குரலிலும் எனக்கு நடிப்பே தெரிவதில்லை.

வேறு படங்களில் வைத்துப் பார்த்தேன். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நடக்கும் ‘பிளே டர்ட்டி’ (1969) தயக்கமில்லாமல் உதிரிப்படை. ‘தி டெவில்ஸ் பிரிகேட்’ (1968) பாதி: அமெரிக்கர்கள் உதிரி, கனடியர்கள் ஒழுங்கு, இருவரையும் தொடுப்பதே கதை. ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’ (1961) இதில் சேராது. அவர்கள் பொறுக்கியெடுத்த நிபுணர்கள், அதற்கு வேறு சொல் தேட வேண்டும், தனி இழையில் பேசலாம்.

உண்மை வாழ்க்கையிலும் ஒன்று. அமெரிக்க 101-ஆம் வான்வழிப் படையில் ‘ஃபில்தி தர்ட்டீன்’ என்று அழைக்கப்பட்ட தகர்ப்புக் குழு இருந்தது. தலையின் இருபுறமும் மழித்து, முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு நார்மண்டியில் குதித்தவர்கள். குளிக்காமல், சல்யூட் அடிக்காமல் மேலதிகாரிகளைத் திணறடித்தார்கள். ஆனால் அவர்கள் சிறைக்கைதிகள் அல்லர். இவர்களைக் குற்றப்படை என்றால் பழி. தண்டப்படை என்றால் பொய். உதிரிப்படை என்றால் சரியாக இருக்கிறது.

பதிவுக்கான வாசகம் இப்படி இருக்கட்டும்:

உதிரிப்படை – (பெ.) வழக்கமான படையமைப்பில் இடமில்லாத, ஒதுக்கப்பட்ட, அல்லது தண்டனை பெற்ற சிப்பாய்களைத் திரட்டி, ஒரே ஓர் ஆபத்தான பணிக்காக உருவாக்கப்படும் சிறு படை, அத்தகைய படையை மையமாகக் கொண்ட கதைவகை.

‘உதிரிப்படைப் படம்’ என்பதில் ‘படைப்பட’ என்று நாக்கு தடுக்குகிறது என்ற முறையீடு நியாயமானது. வகையைச் சொல்ல ‘உதிரிப்படைக் கதை’ என்றே வைத்துக்கொள்ளலாம், நாவலுக்கும் பொருந்தும், ஈ. எம். நாதன்சனின் 1965 நாவல்தானே இந்தப் படத்துக்கு மூலம். ஒருவரைச் சுட்ட ‘உதிரிச் சிப்பாய்’ போதும், ‘உதிரியர்’ வேண்டாம் என்பது என் கருத்து. இந்த இரண்டில் மட்டும் இன்னும் முடிவு வேண்டும், உங்கள் வாக்கை எழுதுங்கள்.

அன்புடன்.