எட்டரை மணி செய்தி வந்தாலே அம்மா வீட்டு டிவி உடையுது

பிடோக்_மகள்:

வணக்கம். அம்மா சிங்கப்பூர்ல, பிடோக்ல மூவறை வீட்டுல தனியா இருக்காங்க. டிவி 32 இன்ச் எல்சிடி, 2009-ல அப்பா வாங்கினது. அப்பா இப்ப இல்ல. "புதுசு வாங்கித் தரேம்மா"ன்னு வாயெடுத்தா அன்னிக்குப் பூரா முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. அதனால புதுசு வாங்குன்னு இங்க யாரும் ஆரம்பிக்காதீங்க. அந்தப் பேச்சு எங்க வீட்டுல முடிஞ்சுபோச்சு.

கோளாறு ரெண்டு. ஒண்ணு, படம் எந்நேரமும் மங்கல். முகமெல்லாம் ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்ச மாதிரி உப்பலா இருக்கு. செய்தியில கீழ ஓடுற எழுத்துல எங்க புள்ளி இருக்கு எங்க இல்லன்னே தெரியல. சிவப்பு எழுத்தா இருந்தா ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி நெளியுது.

ரெண்டாவது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல படம் கட்டம் கட்டமா உடையும், சத்தம் விட்டு விட்டு வரும். எட்டரை மணி தமிழ்ச் செய்தி அம்மாவுக்குச் சாப்பாடு மாதிரி. அதுதான் மோசமா அடிவாங்குது. பகல்ல நான் போய்ப் பார்த்தா ஒரு குறையும் இல்ல. அம்மா போன்ல வீடியோ எடுத்து அனுப்பினப்புறம்தான் நம்பினேன். செய்தி வாசிக்கிறவங்க மூக்கு ஒரு பக்கம் நிக்குது, வாய் இன்னொரு பக்கம் போயிருச்சு.

டிவியில மின்னிலக்க (டிஜிட்டல்) ஒளிபரப்பு நேரா வராது. 2018-ல அரசாங்கம் கொடுத்த 100 வெள்ளி வவுச்சர்ல வாங்கின செட் டாப் பாக்ஸ், கூடவே தட்டு மாதிரி ஒரு ஆன்டெனா. மாட்டிக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பையன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள்னு மூணு ஒயர் போகுது. போன மாசம் வந்த ரிப்பேர்காரர் பாக்ஸை ஒரு தடவை அணைச்சுப் போட்டுட்டு, "பேனல் போயிருச்சு"ன்னு சொல்லி 60 வெள்ளி வாங்கிட்டுப் போயிட்டார்.

தெம்பனீஸ்_தம்பி:

அக்கா, மீவாட்ச் செயலியில தமிழ்ச் சேனல் வசந்தம் நேரலையாவே வருது. டிவி பின்னாடி ஒரு ஸ்டிக்கைச் சொருகினா ஆன்டெனாவே வேணாம். அஞ்சு நிமிஷ வேலை.

பிடோக்_மகள்:

தம்பி, அம்மா வீட்டுல வைஃபையே கிடையாது. இருந்தாலும் அம்மாவுக்கு ரிமோட்ல நம்பரை அழுத்தினா வசந்தம் வரணும். நடுவுல "யார் பார்க்குறீங்க"ன்னு திரை கேள்வி கேட்டா, "நான்தான் பார்க்குறேன், வேற யாரு"ன்னு அதுகிட்டச் சண்டைக்குப் போவாங்க.

ஜாலான்_புசார்_பழையவர்:

தங்கச்சி, பேனல் போயிருந்தா பகல்லயும் போயிருக்கணும். பேனலுக்கு மணி பார்க்கத் தெரியாது. முப்பது வருஷம் டிவி பழுது பார்த்தவன் சொல்றேன், அந்த 60 வெள்ளி தண்டம்.

நீங்க சொன்ன ரெண்டும் வேற வேற வியாதி. ஒண்ணா போட்டுக் குழப்பிக்க வேணாம்.

மங்கலுக்குக் காரணம் அந்த மஞ்சள் ஒயர். சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு, படம் மொத்தமும் மஞ்சள் ஒண்ணுலதான் வருது. வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒண்ணாப் பிசைஞ்சு அதுல அனுப்புவாங்க, டிவி அதைத் திரும்பப் பிரிச்செடுக்கணும். முழுசாப் பிரியாம மிச்சம் நிக்கிறதுதான் நீங்க பார்த்த எறும்பு. அதோட அந்த ஒயர் 576 வரிக்கு மேல தாங்காது. வசந்தம் வர்றது எச்டியில. பானை நிறையச் சோறு இருக்கு, நீங்க டீக்கரண்டியால அள்ளிக்கிட்டு இருக்கீங்க.

2009 மாடல்னா எச்டிஎம்ஐ ஓட்டை, அதாவது எச்டி படமும் சத்தமும் ஒரே ஒயர்ல வர்ற ஓட்டை, கட்டாயம் ஒண்ணாவது இருக்கும். பின்னாடி கண்ணுல படலன்னா பக்கவாட்டுலயும் அடியிலயும் தடவிப் பாருங்க. சிம் லிம் டவர்ல சாதாரணக் கேபிள் போதும். தங்க முலாம் பூசினதுன்னு 40 வெள்ளிக்கு நீட்டினா கும்பிட்டுட்டு நகர்ந்துடுங்க. மாட்டின பிறகு பாக்ஸ் மெனுவுல படத்தை 16:9, 1080ஐ-ன்னு வைங்க. உங்க டிவிக்கு அது ஒத்துக்கலன்னா 720பி. டிவி ரிமோட்ல படத்தோட அளவு ஜூம்ல கிடந்தா அதையும் எடுத்துடுங்க. முகம் உப்புறது அந்த ரெண்டுல ஒண்ணாலதான். படத்தோட தன்மை "டைனமிக்"ல இருந்தா "ஸ்டாண்டர்ட்"க்கு மாத்துங்க. டைனமிக் கடையில வாசல் வரைக்கும் பளபளன்னு தெரியறதுக்குப் போட்டது. கூர்மையைப் பாதிக்குக் கீழ இறக்குங்க. ஏத்த ஏத்தக் கூர்மை வராது, ஓரத்துல வெள்ளைக் கோடுதான் வரும்.

இப்ப ரெண்டாவது வியாதி. பழைய காலத்துல சிக்னல் குறைஞ்சா படத்துல புள்ளி விழும், நிழல் விழும், ஆனா ஆட்டத்தைப் பார்க்கலாம். 1974 உலகக் கிண்ண இறுதியாட்டம் இங்க கலர்ல நேரலையா வந்தப்ப, எங்க தெருவுல ஒரு வீட்டு டிவி முன்னாடி இருபது பேர். ஏரியலைப் பிடிச்சுக்கிட்டு நின்னவனுக்கு மட்டும் ஆட்டம் தெரியல. அது கிடக்கட்டும். மின்னிலக்கத்துல அந்த நடுநிலை கிடையாது. தாங்குற வரைக்கும் கண்ணாடி, தாங்கலன்னா ஒரேயடியா உடைஞ்சிரும். அதனால பகல்ல நல்லா வருதுன்னு ஏமாறாதீங்க. பகல்லயே அது விளிம்புலதான் நிக்குது, ஏழு மணிக்கு ஏதோ ஒண்ணு வந்து தள்ளிவிடுது. அம்மா ஏழு மணிக்கு என்ன சுவிட்சைப் போடுறாங்கன்னு பாருங்க.

பாக்ஸ் ரிமோட்ல சிக்னல் பக்கம் இருக்கும். ரெண்டு பட்டை காட்டும், ஒண்ணு பலம், ஒண்ணு தரம். பலத்தை விடுங்க, தரத்தைப் பாருங்க. பகல்ல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை எழுதி வைங்க. ஆன்டெனா எங்க இருக்கு? அதைச் சொல்லவே இல்லையே.

உட்லண்ட்ஸ்_மீனா:

ஆன்டெனா ஒயரைச் சுவர்ல இருக்கிற பழைய கேபிள் டிவி முனையில சொருகியிருக்காங்களான்னும் பாத்துருங்க. நான் ஒரு வருஷம் அப்படித்தான் வச்சிருந்தேன். அந்தக் கேபிள் சேவை 2019-லயே நின்னுபோச்சு, உள்ள ஒண்ணும் வர்றதில்ல. ஒயரே ஆன்டெனா மாதிரி கொஞ்சம் இழுத்துக் கொடுத்ததால அரைகுறையா படம் வந்துக்கிட்டு இருந்திருக்கு.

பிடோக்_மகள்:

சனிக்கிழமை மத்தியானமே போய் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்துட்டேன்.

எச்டிஎம்ஐ ஓட்டை இருந்துச்சு அங்கிள், இடது ஓரத்துல. மேல கறுப்பு டேப் ஒட்டியிருந்துச்சு. கரப்பான் உள்ள போகக் கூடாதுன்னு அப்பா ஒட்டினதாம். அம்மா அந்த டேப்பை என் கையில இருந்து வாங்கி டிவி மேசை இழுப்பறைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. கேபிள் 6 வெள்ளி. பாக்ஸ் 4:3-ல இருந்துச்சு, டிவி அதை இழுத்து நிரப்பிக்கிட்டு இருந்திருக்கு. மாத்தினதும் எழுத்தெல்லாம் அச்சடிச்ச மாதிரி ஆயிருச்சு. அம்மா ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு, "செய்தி வாசிக்கிற பொண்ணு ஏன் இப்படி மெலிஞ்சிருச்சு, உடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்டாங்க. இத்தனை வருஷமா உப்பின முகத்தையே பார்த்துப் பழகிட்டாங்க.

அடுத்தது ஆன்டெனா. மீனா, சுவர்ல இல்ல, நேரா பாக்ஸ்லதான் சொருகியிருக்கு. ஆனா தட்டைக் காணோம். ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனா சாமி மேடையில முருகன் படத்துக்குப் பின்னாடி முடியுது. கூடத்துல கறுப்புத் தட்டு தொங்கினா நல்லால்லன்னு அம்மாதான் அங்க ஒளிச்சு வச்சிருக்காங்க. மத்தியானம் தரம் 58. ஏழு மணிக்கு அம்மா விளக்கேத்திட்டு, படத்தைச் சுத்திப் போட்டிருக்கிற எல்இடி சீரியல் விளக்கோட சுவிட்சைத் தட்டினாங்க. தீபாவளிக்குத் தேக்காவுல வாங்கினது. தரம் 19. அணைச்சா 57, போட்டா 20. நாலு தடவை செஞ்சு பார்த்தேன். அஞ்சாவது தடவை அம்மா, "சாமி விளக்கு உனக்கு விளையாட்டா?"ன்னு கையைத் தட்டிவிட்டுட்டாங்க.

ஜாலான்_புசார்_பழையவர்:

அப்படிப் போடு. சீரியல் விளக்கோட ஒண்ணா வர்ற அந்தச் சின்ன அடாப்டர்தான் திருடன். மலிவான அடாப்டர் சிக்னலைக் கெடுக்குற மின் இரைச்சலை நிறையக் கக்கும். ஆன்டெனா அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. உங்க ஆன்டெனா பாக்ஸோட யூஎஸ்பியில மின்சாரம் எடுக்குற வகைன்னா இன்னும் மோசம். உள்ள இருக்கிற ஆம்ப்ளிஃபயர் சிக்னலோட சேர்த்து இரைச்சலையும் பெருக்கித் தரும்.

விளக்கை நிறுத்தச் சொல்லி அம்மாகிட்டச் சண்டை போடாதீங்க. ஆன்டெனாவை நகர்த்துங்க. டிவி ஒளிபரப்புற முக்கியமான கோபுரம் புக்கிட் பாத்தோக்ல இருக்கு, பிடோக்குல இருந்து மேற்கு. மேற்கு பார்த்த ஜன்னல் இருந்தா கண்ணாடியில ஒட்டுங்க. நம்ம வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுச் சுவரெல்லாம் கம்பி வச்ச கான்கிரீட், சுவத்தோரம் வச்சா பாதி அங்கேயே போயிரும். இரும்பு கிரில்லுக்கு ஒட்டினாப்புல வேணாம், ஒரு சாண் தள்ளி வைங்க.

பிடோக்_மகள்:

கூடத்து ஜன்னல் மேற்குதான் அங்கிள், சாயங்கால வெயில் நேரா அடிக்கும். ஒயர் ரெண்டு முழம் எட்டல, 4 வெள்ளிக்கு நீட்டிப்பு ஒயர் வாங்கினேன். திரைச்சீலைக்குப் பின்னாடி ஒட்டினதால அம்மாவும் சரின்னுட்டாங்க. தரம் 81. சீரியல் விளக்கு எரியறப்ப 78. நேத்து எட்டரை மணிச் செய்தி ஒரு தடவைகூட உடையல.

ஒண்ணே ஒண்ணு மட்டும். படம் தெளிவானப்புறம்தான் தெரியுது, கீழ் இடது மூலையில மஞ்சளா, கொஞ்சம் இருட்டா இருக்கு. அதுவும் ஏதாவது ஒயரா?

ஜாலான்_புசார்_பழையவர்:

இல்லம்மா, அது வயசு. அந்தக் காலத்து எல்சிடிக்குப் பின்னாடி வெளிச்சத்துக்கு மெல்லிசான டியூப் லைட் இருக்கும், எல்இடி இல்ல. வருஷம் ஆக ஆக மங்கி மஞ்சளாகும். பேனலைப் பிரிச்சு மாத்தலாம், ஆனா ஆகுற கூலிக்கு வேற டிவியே வந்துரும், பிரிக்கும்போது உடையவும் உடையும். மெனுவுல பேக்லைட்டை ரெண்டு புள்ளி ஏத்தி விட்டுட்டு அப்படியே ஓட்டுங்க. ஜன்னல் கதவைச் சாத்தும்போது ஒயர் நசுங்காமப் பார்த்துக்கச் சொல்லுங்க, மழை வந்தா அவசரத்துல இழுத்துச் சாத்துவாங்க.