எஸ்ஏடி 1540, உதவித்தொகை கட்டாயம்: ஏர்லி டிசிஷனை எங்கே போடுவது?

அக்கா மகள், கோவை, சிபிஎஸ்இ பிளஸ் டூ. அமெரிக்காவில் இளநிலை கணினி அறிவியலுக்கு விண்ணப்பிக்கிறாள். வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கவே முடியவில்லை.

பத்தாம் வகுப்பில் 97%, பதினொன்றில் 88% (இயற்பியல் 79, அதுதான் உறுத்துகிறது). எஸ்ஏடியில் (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) கணக்கு 800, ஆங்கிலம் 740. இரண்டு வருடமாக வாரந்தோறும் நொய்யல் தண்ணீரின் டிடிஎஸ்ஸை (கரைந்துள்ள உப்புகளின் அளவு) சென்சார் வைத்து அளந்து பதிந்திருக்கிறாள். வீட்டில் ஆண்டுக்கு 6 லட்சம்தான் கட்ட முடியும். மொத்தச் செலவோ ஆண்டுக்கு 70 லட்சத்துக்கு மேல்.

கல்லூரிகள் தங்கள் சேர்க்கை விவரங்களை வெளியிடும் காமன் டேட்டா செட்டின் சி9 பகுதியில் வரும் எஸ்ஏடி வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அது சேர்ந்த எல்லோருக்குமான கணக்கு, வெளிநாட்டவரைத் தனியே பிரிப்பதில்லை. வாய்ப்பைக் கணிக்கும் தளம் ஒன்று அதே மதிப்பெண்ணுக்கு 34% என்றது, இன்னொன்று 6%. உதவித்தொகை வேண்டுமா என்று இரண்டுமே கேட்கவில்லை! உதவித்தொகை போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரோ பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பங்களுக்கானது.

எம்ஐடி, ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல், ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்க்காமல் முடிவெடுப்பவை, ஸ்டான்போர்டு பார்க்கும். ஏர்லி டிசிஷன் (முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் போடலாம், கிடைத்தால், தரும் உதவித்தொகை போதாமல் போனாலொழிய, போயே ஆக வேண்டும்.

இந்த மதிப்பெண்ணுக்கு அதை ஆம்ஹெர்ஸ்டில் போடுவதா, பணத்தேவையைப் பார்க்கிற, ஆனால் போட்டி சற்றுக் குறைந்த கல்லூரியில் போடுவதா?