டிஸ்னி வேர்ல்டு: அப்பா அம்மாவோடு ஆறு பேர், எந்த ஹோட்டலில் தங்கலாம்?

வைகைக்கரையான்:

வணக்கம். ஜூன் விடுமுறையில் அட்லாண்டாவிலிருந்து காரில் ஆர்லாண்டோ வால்ட் டிஸ்னி வேர்ல்டு போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், நாலு வயது மகன், அப்புறம் மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. ஐந்து இரவு. அங்கே டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களே 25-க்கு மேல் இருக்கின்றன, வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று மூன்று தரம் வேறு, பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி, கொஞ்ச தூரம் நடந்தாலே உட்கார இடம் தேடுவார். அப்பா நன்றாக நடப்பார், ஆனால் கூட்டமும் சத்தமும் ஆகாது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம் போட்டே ஆக வேண்டும். மகளுக்கு மிருகங்கள் என்றால் உயிர். மகனுக்குக் கார் பொம்மை தவிர உலகில் வேறொன்றும் கிடையாது. எல்லோரும் சைவம். என் மனதில் இருப்பவை: ஆர்ட் ஆஃப் அனிமேஷன், அனிமல் கிங்டம் லாட்ஜ், இல்லையென்றால் வெளியே பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் ஒரு வாடகை வீடு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்னிமகள்:

நாலு வயதுப் பையனுக்குக் கார்தான் உலகம் என்றால் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். 2012-இல் திறந்தது. மலிவான வேல்யூ தரம்தான், ஆனால் அங்கே இருக்கும் ஃபேமிலி சூட்டில் ஆறு பேர் தங்கலாம், இரண்டு குளியலறை, மைக்ரோவேவ், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. ஆறு பேர் காலையில் கிளம்பும்போது இரண்டாவது குளியலறையின் அருமை தெரியும்! ஒவ்வொரு பகுதியும் ஒரு டிஸ்னி படம், கார்ஸ் பகுதியில் அந்தப் படத்தில் வரும் கார்கள் நிஜ அளவிலேயே வெளியே நிற்கும். நீமோ பகுதியில் பெரிய நீச்சல் குளம், தண்ணீருக்குள் மூழ்கினாலும் பாட்டு கேட்கும். லிட்டில் மெர்மெய்ட் பகுதி மட்டும் வேண்டாம், அது சாதாரண அறை, வரவேற்புக் கூடத்திலிருந்து ரொம்பத் தள்ளியும் இருக்கிறது, அம்மாவால் நடக்க முடியாது.

இன்னொன்று ஸ்கைலைனர். 2019-இல் வந்த கேபிள் கார், ஹோட்டல் வாசலிலிருந்தே எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்ற இரண்டு பார்க்குகளுக்கும் போகலாம். ஸ்ட்ரோலரை மடிக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம், பேருந்தில் மடித்தாக வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு கையால் ஸ்ட்ரோலரை மடிப்பது பெரிய பாடு. ஆனால் ஜூன் மாதம் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஃபுளோரிடாவில் கோடையில் பல நாள் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், மின்னல் என்றால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள். பெட்டிக்குள் ஏசியும் கிடையாது, ஓடும்போது காற்று வரும், அவ்வளவுதான்.

சூட்டின் வாடகை கேட்டு மலைக்காதீர்கள், சாதாரண வேல்யூ அறையைப் போலப் பெரும்பாலும் இருமடங்கு வரும். அது கட்டுப்படவில்லை என்றால் ஏரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாப் செஞ்சுரியில் இரண்டு அறை போடுங்கள், பல சமயம் அதுவே மலிவு, ஸ்கைலைனர் நிலையமும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மலைநாட்டான்:

பொன்னிமகள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் நான் வேறு பக்கமிருந்து வருகிறேன். பிள்ளைகள் விடிந்ததும் பார்க்குக்கு ஓடிவிடுவார்கள், ஹோட்டலின் அலங்காரத்தை அவர்கள் பார்ப்பதே நீச்சல் குளத்து நேரத்தில்தான். அந்த ஹோட்டலில் பகல் முழுக்க இருக்கப்போவது யார்? உங்கள் அப்பா அம்மா. ஜூன் வெயிலில் மதியம் பார்க்கில் அவர்களை வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் கூடாது. அவர்கள் அறையில் உட்கார்ந்து எதைப் பார்ப்பார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். கார் பொம்மைச் சுவரையா?

அனிமல் கிங்டம் லாட்ஜில் சவானா வியூ அறை எடுத்தால் பால்கனிக்கு முன்னால் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். நிஜ மிருகங்கள், நிஜப் புல்வெளி. காலையிலும் சாயங்காலமும் நன்றாக நடமாடும். அப்பாவுக்கு ஒரு நாற்காலி, கையில் ஒரு காபி இருந்தால் போதும், சத்தமே கிடையாது. உங்கள் மகளை அந்தப் பால்கனியிலிருந்து பார்க்குக்குக் கிளப்புவதுதான் கஷ்டமாக இருக்கும்.

சாப்பாடும் இங்கேதான் தேறும். லாட்ஜ் என்பது ஜாம்போ ஹவுஸ், கிடானி வில்லேஜ் என்று இரண்டு கட்டிடம். கிடானி வில்லேஜ் பக்கம் சனா என்று ஓர் உணவகம், ஆப்பிரிக்க இந்திய ருசி, நாண் ரொட்டி வகைகளோடு தொட்டுக்கொள்ள ஒன்பது விதம் வரும், ஜன்னலுக்கு வெளியே மிருகங்கள். ஜாம்போ ஹவுஸ் பக்கம் போமா பஃபேயிலும் சைவத்துக்கு வேண்டியது கிடைக்கும். டிஸ்னியின் மற்ற இடங்களில் சைவம் கிடைக்கும்தான், ஆனால் காரசாரமாக நாக்குக்குப் பிடித்தது என்று தேடினால் எனக்கு சனாதான் முதல்.

குறையும் சொல்கிறேன். ரயில், படகு, கேபிள் கார் எதுவும் கிடையாது, பேருந்து மட்டும்தான். நடைபாதைகள் நீளம், கிடானியில் இன்னும் நீளம். அதனால் ஜாம்போ ஹவுஸ் எடுத்து, அம்மாவுக்காக வரவேற்புக் கூடத்துக்குப் பக்கத்தில் அறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

வைகைக்கரையான்:

நன்றி அண்ணா, நன்றி பொன்னிமகள். பகலில் யார் இருப்பார்கள் என்ற கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. லாட்ஜில் இரண்டு அறை என்றால் பணம்தான் பயமாக இருக்கிறது. கிஸ்ஸிமி வீடு என்றால் நாலு படுக்கையறை, சமையலறை, தனி நீச்சல் குளம், எல்லாம் சேர்த்தே குறைவாக வருகிறது. அம்மா ரசமும் சோறும் வைத்துவிடுவார். அதில் என்ன நஷ்டம்?

தாமிரபரணி:

சகோ, வீட்டில் நஷ்டம் காலை மாலை இரண்டு வேளையும்தான். வெளியே தங்கி மேஜிக் கிங்டம் பார்க்குக்குக் காரில் போனால் பார்க் வாசலில் நிறுத்த முடியாது. டிக்கெட் அண்ட் டிரான்ஸ்போர்ட்டேஷன் சென்டர் என்ற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து மோனோரயில் அல்லது படகு பிடித்து ஏரியைத் தாண்ட வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அந்த அலைச்சல் உள்ளே போவதற்கு முன்பே பாதி நாளை எடுத்துவிடும். பார்க்கிங்குக்குத் தினமும் தனிக் காசு வேறு. மதியம் பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்ப வருவது என்பது நடக்காத காரியம், ஒரு தடவை விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குப் பார்க்கிங் காசு கிடையாது, எல்லாப் பார்க்கிலும் அரை மணி முன்னாலேயே உள்ளே விடுவார்கள், நீள வரிசையைத் தவிர்க்கக் காசு கொடுத்து எடுக்கும் லைட்னிங் லேன் ஏழு நாள் முன்பே பதியலாம், வெளியே தங்கினால் மூன்று நாள்தான். சின்னப் பிள்ளைகளோடு அந்த அரை மணி தங்கம் மாதிரி.

சமையல்தான் முக்கியம் என்றால் ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின் பாருங்கள். காட்டுக்குள் தனித்தனி வீடு, 2024-இல் புதிதாகக் கட்டியது, ஆறு பேர் தங்கலாம், முழுச் சமையலறை, மேஜிக் கிங்டத்துக்குப் படகு. ஆனால் ஒரே குளியலறை. நடைக்குப் பயந்து மோனோரயில் ஹோட்டல்கள் பக்கமும் போகத் தோன்றும், அதில் ஒன்றான கண்டெம்பரரியிலிருந்து மேஜிக் கிங்டம் நடந்தே பத்து நிமிடம்தான், ஆனால் அங்கெல்லாம் ஓர் அறையே ஓர் இரவுக்கு 600 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும், உங்களுக்கு இரண்டு வேண்டும்.

மலைநாட்டான்:

தம்பி, லாட்ஜில் இரண்டு அறைக்கும் சவானா வியூ எதற்கு? அப்பா அம்மா அறைக்கு மட்டும் எடுங்கள், உங்களுக்கு ஸ்டாண்டர்டு வியூ போதும், விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். மகள் எப்படியும் தாத்தா பாட்டி பால்கனியில்தான் கிடப்பாள். வரவேற்புக் கூடத்துக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவான பார்வை மேடையும் இருக்கிறது.

கார் கையில் இருப்பதால் பேருந்துக் குறையும் பாதி போயிற்று. எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் மூன்றுக்கும் காரில் போங்கள். மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் ஹோட்டல் பேருந்தைப் பிடியுங்கள், அது பார்க் வாசல் பக்கத்திலேயே இறக்கிவிடும், தாமிரபரணி சொன்ன அந்த அலைச்சல் இருக்காது. பார்க்குக்குள் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள், வேண்டாம் என்பார், எடுங்கள்.

பொன்னிமகள்:

நான் மாறிவிட்டேன், பெரியவர்கள் ஹோட்டலிலேயே இருக்கும் நாட்களுக்கு லாட்ஜ்தான் சரி. பையனுக்காக ஒரு சாயங்காலம் ஆர்ட் ஆஃப் அனிமேஷனுக்குக் கூட்டிப் போய் அந்தக் கார்களை மட்டும் காட்டிவிட்டு அங்கேயே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நீச்சல் குளம் அங்கே தங்குபவர்களுக்கு மட்டும்தான், அதை அவனிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

வைகைக்கரையான்:

சரி, முடிவு செய்துவிட்டேன். ஜாம்போ ஹவுஸ், ஒரு சவானா வியூ, ஒரு ஸ்டாண்டர்டு, இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறையாகக் கேட்கப்போகிறேன். அப்பா அம்மாவுக்கு எல்லா நாளும் டிக்கெட் வாங்காமல் இரண்டு நாளுக்கு மட்டும் வாங்குகிறேன், அந்த மிச்சத்தில் அறை வித்தியாசம் கொஞ்சம் ஈடாகும். சனாவில் ஆறு பேருக்கு எவ்வளவு முன்னால் பதிய வேண்டும்?

மலைநாட்டான்:

60 நாள் முன்பிலிருந்து பதியலாம், ஹோட்டலில் தங்குபவர் என்றால் அந்த முதல் நாளிலேயே தங்கும் நாட்கள் முழுவதுக்கும் சேர்த்துப் பதிய விடுவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போங்கள், இருட்டினால் ஜன்னலில் மிருகம் தெரியாது.