கிரிட்ஸை ருசித்து உண்பது எப்படி? தென் மாநிலக் காலை உணவு குறித்து ஒரு கேள்வி

வழிப்போக்கன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தமாக மூன்று மாதங்களுக்கு முன் அமெரிக்காவின் தெற்கிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகருக்குக் குடிவந்தேன். வீடு கிடைக்கும் வரை தங்கியிருந்த விடுதியில், காலை உணவு மேசையின் கடைசியில் மூடியிட்ட பாத்திரம் ஒன்றில் வெள்ளைக் கூழ் வைத்திருந்தார்கள். அதுதான் கிரிட்ஸ் என்றார்கள். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாத அளவுக்கு அது இறுகிப்போயிருந்தது. வாயில் வைத்தால் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை; சுவரொட்டிக்குக் காய்ச்சிய பசை என்றே தோன்றியது. அருகில் சர்க்கரைப் பொட்டலங்கள் இருந்ததால் இரண்டைப் பிரித்துத் தூவிக்கொண்டேன். எதிரே அமர்ந்திருந்த பெரியவர் என் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தம் காப்பியைக் குடிக்கத் தொடங்கினார்.

ஆனால் அலுவலகத்தில் உடன் பணிபுரியும் உள்ளூர்க்காரர்கள் கிரிட்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஓய்வதில்லை. பாட்டி வீட்டுக் காலை உணவு என்றாலே அவர்களுக்கு அதுதான். இத்தனை பேர் ஆசையாக உண்ணும் பண்டம் நான் உண்டதைப்போல் இருக்க முடியாது என்பதால் கேட்கிறேன். கடையில் ஒரே மாதிரியான பொட்டலங்கள் நான்கைந்து பெயர்களில் இருக்கின்றன. எதை வாங்குவது, எப்படிச் சமைப்பது, எதனுடன் உண்பது? நான் முட்டை உண்பேன், இறைச்சி உண்பதில்லை. என் மனைவிக்கு எந்தத் தடையும் இல்லை. வெளியில் உண்ணும்போது நான் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நொய்யரிசி:

ஐயா, நீங்கள் உண்டது பெரும்பாலும் உடனடி கிரிட்ஸாக இருக்கும். இல்லாவிட்டால், நல்ல கிரிட்ஸே இரண்டு மணி நேரம் சூட்டில் கிடந்து இறுகியிருக்கும். இரண்டையும் வைத்து இந்த உணவை எடைபோட வேண்டாம்.

கிரிட்ஸ் என்பது காய்ந்த மக்காச்சோளத்தை உடைத்த நொய். ஹோமினி என்றும் சொல்வார்கள். உடனடி வகை முன்பே வேகவைத்து உலர்த்தப்பட்டது, கொதிநீர் ஊற்றினால் போதும். குயிக் என்று எழுதியிருப்பது பொடியாக உடைத்தது, ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். ரெகுலர் என்பது அதைவிடச் சற்றுக் கரகரப்பானது. இவற்றில் எல்லாம், கெடாமல் இருப்பதற்காகச் சோளத்தின் முளைப்பகுதியை நீக்கிவிடுகிறார்கள். மணமும் அதோடு பெரும்பாலும் போய்விடுகிறது. நீங்கள் வாங்க வேண்டியது ஸ்டோன் கிரவுண்ட் என்று அச்சிட்ட, கல் ஆலையில் அரைத்த முழுச்சோள நொய். அதில் முளையும் அதன் எண்ணெயும் இருப்பதால் அலமாரியில் வைத்தால் சிக்கு நாற்றம் அடிக்கும். வாங்கி வந்ததும் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.

சமைப்பதற்கு முந்தைய இரவே ஒரு கோப்பை நொய்யை நான்கு கோப்பை நீரில் ஊறப்போடுங்கள். கலக்கிவிட்டுச் சற்று நேரம் பொறுத்தால் உமியும் தவிடும் மேலே மிதக்கும்; அதை மட்டும் கரண்டியால் வழித்தெடுத்துவிடுங்கள். காலையில் ஊறிய நீரோடு அப்படியே அடிகனமான பாத்திரத்தில் ஏற்றி, முதல் கொதி வந்து கெட்டிப்படும் வரை கையை எடுக்காமல் மரக்கரண்டியால் துழாவ வேண்டும். கட்டி தட்டுவது அந்த முதல் பத்து நிமிடத்தில்தான். அதன்பின் தீயை மிகவும் குறைத்து, உப்பிட்டு மூடிவிட்டு, அவ்வப்போது அடிவரை கிளறி, இறுகினால் வெந்நீர் விட்டுக்கொண்டே வந்தால் ஒரு மணி நேரத்தில் பதம் வரும். களி கொதிப்பதுபோல் இதுவும் பொட்டுப்பொட்டென்று தெறித்துக் கையைச் சுடும், எச்சரிக்கை. ஒரு நொய்யை முன்பல்லில் கடித்துப் பாருங்கள். நடுவில் நறுக்கென்று இருந்தால் இன்னும் வேக வேண்டும். கரண்டியில் எடுத்துத் தட்டில் விட்டால் குவியாமல் மெல்லப் பரவ வேண்டும். இறக்கிய பிறகு வெண்ணெய் சேருங்கள், கஞ்சத்தனம் பாராமல்.

உப்புக்காற்று:

நான் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். அந்தப் பெரியவரின் பார்வைக்குக் காரணம் சர்க்கரைதான். தெற்கில் கிரிட்ஸ் என்றால் உப்பும் வெண்ணெயும் மிளகுத்தூளும்; சர்க்கரை இடுவது வடக்கத்தியர் வழக்கம் என்று இங்கே கேலி செய்வார்கள். ஆயினும் தெற்கிலேயே சர்க்கரை சேர்த்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு என்பதை என் பக்கத்து வீட்டு அடுப்பங்கரையிலேயே கண்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் குற்றம் எதுவும் செய்துவிடவில்லை.

எதனுடன் உண்பது என்று கேட்டீர்கள். மஞ்சள் கரு இளகிய பொரித்த முட்டையை மேலே வைத்து, கருவை உடைத்துக் கலந்து உண்பதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. அடுத்து, செடார் பாலாடைக்கட்டியைத் துருவிக் கலந்த சீஸ் கிரிட்ஸ். உங்கள் மனைவிக்கு இறாலும் கிரிட்ஸும் வாங்கிக் கொடுங்கள். இப்போது அது எல்லா உணவகங்களிலும் இரவு உணவாகக் கிடைத்தாலும், இந்தக் கரையோர மக்களுக்கு முதலில் அது காலை உணவுதான். விடியற்காலையில் கழிமுகங்களில் வலைவீசிப் பிடித்த சிறு இறாலை வெண்ணெயில் வதக்கிக் கிரிட்ஸின் மேல் போட்டு உண்டார்கள். வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் குரூக்ஸ் கார்னர் என்ற உணவகத்தை நடத்திய பில் நீல், பாலாடைக்கட்டி, காளான், உப்பிட்ட பன்றி இறைச்சி எல்லாம் சேர்த்து இதை மாற்றிச் சமைத்தார். 1985-இல் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளைபோர்ன் அதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய பிறகுதான் மீனவர் வீட்டுப் பண்டம் நாடெங்கும் உணவுப்பட்டியலில் ஏறியது. எனக்கென்னவோ பழைய எளிய வகைதான் பிடிக்கிறது. பாலாடைக்கட்டி இறாலின் இனிப்பை மறைத்துவிடுகிறது.

இன்னொன்று: நீங்கள் வசிக்கும் ஜார்ஜியா 2002-இல் கிரிட்ஸை மாநிலத்தின் அதிகாரப்பூர்வச் சமைத்த உணவாக அறிவித்திருக்கிறது. எனவே அதை வெறுத்துக்கொண்டு அங்கே காலம் தள்ளுவது கடினம்.

ஏடு:

நொய்யரிசி அவர்களின் சமையல் குறிப்பு மிக நன்று. ஒரே ஒரு திருத்தம். ஹோமினியும் கிரிட்ஸும் ஒன்றல்ல. மக்காச்சோளத்தைச் சாம்பல் காரநீரிலோ சுண்ணாம்பு நீரிலோ வேகவைத்துத் தோலை நீக்கியது ஹோமினி. அதைக் காயவைத்து உடைத்தால் ஹோமினி கிரிட்ஸ். இந்த வித்தை இந்த மண்ணின் தொல்குடிகளுடையது. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான கிரிட்ஸ் இந்தக் காரநீரைக் காணாத வெறும் சோள நொய்தான்.

வேறுபாடு சுவையோடு நின்றுவிடவில்லை. சோளத்திலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து உடல் ஏற்க இயலாதபடி பிணைந்திருக்கிறது. காரநீரில் வேகும்போதுதான் அது விடுபடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்கின் பருத்தி வயல்களிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் சோளமாவையும் பன்றிக் கொழுப்பையும் வெல்லப்பாகையும் மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழை மக்களைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் வெடிக்கும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். அது தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். 1914-இல் பொதுச் சுகாதாரத் துறை அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், காரணம் கிருமி அல்ல, உணவுதான் என்று கண்டறிந்தார். மறு ஆண்டு மிசிசிப்பிச் சிறைப் பண்ணையில் தாமாக முன்வந்த கைதிகளுக்குச் சோளம் மிகுந்த உணவைக் கொடுத்து நோயையே வரவழைத்துக் காட்டினார். குறைந்திருந்த சத்து நியாசின் என்பது 1937-இல்தான் உறுதியாயிற்று. அதற்குப் பிறகு வந்த வழக்கம்தான் பொட்டலத்தில் நீங்கள் காணும் என்ரிச்ட் என்ற சொல். சத்தைப் பின்னர் தூளாகச் சேர்க்கிறார்கள். அத்தகைய கிரிட்ஸைக் கழுவி நீரை வடித்தால் அந்தச் சத்தும் நீரோடு போய்விடும். கல் ஆலை நொய்க்குச் சொன்ன உமி நீக்கும் முறையை அதற்குச் செய்ய வேண்டாம்.

கறிவேப்பிலை:

இறைச்சி உண்ணாதவர் வெளியில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். நானும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில உணவகங்களில் கிரிட்ஸைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். கேட்காமல் உண்ணாதீர்கள். பிஸ்கட் என்று இங்கே சொல்வது நாம் அறிந்த மொறுமொறுப்பான பிஸ்கட் அல்ல. மோரும் மாவும் கொழுப்பும் சேர்த்துச் சுட்ட, அடுக்கடுக்காய்ப் பிரியும் மென்மையான ரொட்டி. அதில் வெண்ணெயும் இருக்கலாம், பன்றிக் கொழுப்பும் இருக்கலாம். அதன் மேல் ஊற்றும் வெள்ளைக் குழம்பு, பாலும் மைதாவும் என்று நம்பி நான் ஒருமுறை பாதித் தட்டைக் காலி செய்த பிறகுதான் அதன் அடிப்படையே பன்றி இறைச்சித் தொத்திறைச்சியின் கொழுப்பு என்று அறிந்தேன். ரெட் ஐ கிரேவி என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடையை வறுத்த சட்டியில் கறுப்புக் காப்பியை ஊற்றிச் சுண்டவைப்பது. காப்பிதானே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

உங்களுக்கான தட்டு: கிரிட்ஸ், முட்டை, வெண்ணெயில் செய்த பிஸ்கட், அதன்மேல் சொர்கம் பாகு. மக்காச்சோளம் அல்லாத, சர்க்கரைச் சோளம் என்ற வேறு பயிரின் தட்டையைப் பிழிந்து காய்ச்சிய அந்தப் பாகில் இலேசான துவர்ப்பு இருக்கும். வெண்ணெயோடு குழைத்துத் தடவினால் பிஸ்கட் போகுமிடம் தெரியாது.

வழிப்போக்கன்:

அனைவருக்கும் நன்றி. நேற்று காலை நொய்யரிசி அவர்கள் சொன்னபடியே சமைத்தேன். உமியை வழித்தபோது கால் கரண்டி கூட வராது என்று நினைத்தேன். ஒரு சிறு கிண்ணம் நிறைய வந்தது. நாற்பதாவது நிமிடத்தில் வீடெங்கும் வேகவைத்த சோளக்கதிரின் மணம் பரவியதும், உறங்கிக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்துவிட்டார். முட்டைக்கருவை உடைத்துக் கலந்து உண்டபோது, விடுதியில் நான் உண்டதற்கும் இதற்கும் பெயர் மட்டுமே பொது என்று புரிந்தது. மீந்ததைத் தட்டில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். இன்று அது வில்லைபோட வருமளவு இறுகியிருந்தது. வெண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாக வறுத்தோம். உண்மையைச் சொன்னால் மனைவிக்கு நேற்றையதைவிட இன்றையதுதான் பிடித்தது.

ஒரே ஒரு சங்கடம். பாத்திரத்தின் அடியில் கெட்டியாய் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்துவிட்டது. அதற்கு ஏதேனும் வழி உண்டா?

நொய்யரிசி:

சுரண்டவே வேண்டாம், ஐயா. பாத்திரம் நிறையக் குளிர்ந்த நீர் ஊற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் ஒரே ஏடாக உரிந்து வந்துவிடும்.